விழுங்கியதற்குச் சாட்சி

மனித குலத்தின் துயர் துடைக்கத் தம் உடலையே விஞ்ஞானத்துக்கு ஒப்புக்கொடுத்த மாமனிதர்களின் வரிசையில் பாறசாலை பொன்னையனுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பிடிக்கக் கிளம்பிய முதல் நாளே, வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வந்ததில் ரயிலை விட்டுவிட்டார்.

பூட்டியிருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், சுதந்திர தினத்தன்று கொடியேற்றி நெடுநேரம் பேசுபவர். ஆனால் தன் கை பூட்டைப் பூட்டியது என்று அந்தக் கையே சொன்னாலும் நம்பமாட்டார். மகள் ஆதிராவின் குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டியபோது, ஆட்டோவைத் திருப்பித் திருப்பி இவர்கள் ஆரியங்கோட்டில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து வாசலில் அவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனைவி சுகுமாரி சொன்னாள்.

"கேட்டியளா, இனி ஒரு மருந்துதான் பாக்கி. அதுக்கும் கேக்கல்லேண்ணா நான் ஆதிராக்க வீட்டுல போயி நிப்பேன். நீங்க இந்தப் பூட்டுக்க கூட குடும்பம் நடத்துங்கோ."

அவள் அப்படி ஒரு முறைதான் சொல்வாள். மறுமுறை பெட்டியோடுதான் நிற்பாள். பொன்னையனுக்கு உலகத்தில் சந்தேகமே வராத ஒரே விஷயம் அதுதான்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நோய்க்கான புது மருந்தைப் பரிசோதிக்க ஆள் எடுத்தார்கள். பெயர் கொடுத்தார். டீக்கடையில் மட்டும் செய்தியைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். "ஒரு தேசிய ஆராய்ச்சிக்கு என்னைத் தெரிஞ்செடுத்திருக்கு."

"என்ன ஆராய்ச்சி அண்ணே?" என்றார் பக்கத்து வீட்டு விஜயதாஸ்.

"மூளை சம்பந்தமா உள்ளதாக்கும்."

"அதுக்கு முதல்ல அந்தச் சாதனம் கையில வேணுமே," என்றார் விஜயதாஸ். கடையே சிரித்தது. நோயின் பெயரைச் சொல்வதைவிட இது மேல் என்று பொன்னையனும் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஜீனா என்ற இளம் டாக்டர் விளக்கினாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த கேப்ஸ்யூல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

"எனக்கு எதாக்கும்?"

"தெரியாது அங்கிளே."

"உங்களுக்குமா?"

"எனக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. முடியது வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அதாக்கும் இதுக்க முறை."

சந்தேகம் தீர வந்த மனிதனுக்கு விஞ்ஞானம் இப்படி முறைப்படி ஒரு சந்தேகத்தைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது. போதாததற்கு ஓர் எச்சரிக்கையும்: தினமும் தவறாமல் விழுங்க வேண்டும், விட்டுப்போனாலும், இரண்டாகப் போட்டாலும் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மறுநாள் காலை கேப்ஸ்யூலைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்ததுமே கேள்வி வந்தது: உள்ளே போனதா? பாட்டிலில் இல்லை என்பது வயிற்றில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகுமா? மேசைக்கடியில் தவழ்ந்தார். வேட்டியை உதறினார். இன்னொன்று போட்டால் இரண்டாகிவிடும். போடாமலிருந்தால் விட்டுப்போயிருக்கும். இரண்டு வழியும் சுகுமாரியின் பெட்டியோடு ஆரியங்கோட்டில்தான் போய் முடிந்தன. அடுக்களைக்குப் போய்ச் சுகுமாரி முன் வாயைப் பிளந்து நின்றார்.

"எட்டி, ஒண்ணு பாரு. உள்ள போச்சா?"

"தோசை கரியுது, தள்ளுங்கோ."

"பாத்துச் சொல்லு, சுகுமாரி."

அவள் ஒரு கையில் சட்டுவமும் மறுகையில் மொபைல் டார்ச்சுமாக அவர் வாய்க்குள் குனிந்தாள். "நாக்கைத் தூக்குங்கோ. ம். போச்சு. நான் கண்டேன்."

எப்படி என்று தெரியவில்லை, கேள்வி அடங்கியது. அவள் கண்டிருக்கிறாள். அன்று முதல் அதுவே முறையாயிற்று: கேப்ஸ்யூல், தண்ணீர், டார்ச், "நான் கண்டேன்." பிறகு அந்தச் சொல் வேலியைத் தாண்டிப் படர்ந்தது. பூட்டினேனா? கண்டேன். மோட்டாரை நிறுத்தினேனா? கண்டேன். ஒரு நாள் பஸ் உதயன்குளங்கரையைத் தாண்டிய பிறகுதான், வீட்டை நினைக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. உடனே பயம் வந்தது. ஆனால் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, போகவேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். ரயிலைப் பிடித்தார்கள். ஜீனா கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போட்டு, நோய் குறைந்திருப்பதைப் பெரிய டாக்டரையே கூப்பிட்டுக் காட்டினாள். கொச்சி மாநாட்டில் இதைப் பற்றிப் பேசவிருந்த அவர், அறையில் இருந்த மூன்று பேரையும் மாநாடாகவே கருதிக் குரலை உயர்த்தினார். "மருந்து பின்னால வரும். முதல்ல வேண்டியது விழிப்பான குடும்பம். இந்த அம்மாவுக்க கண்ணாக்கும் நம்ம ஆய்வுக்க அஸ்திவாரம்."

பொன்னையன் சங்கக் கூட்டத்தில் உட்காரும் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, தினமும் விழுங்கினத நேர்ல கண்டதுதானே?" என்று கேட்டாள் ஜீனா.

"பின்னே? தினமும் கண்டேன்."

ஜீனா புது பாட்டிலை அவளிடம் நீட்டினாள். "இதுல அங்கிளுக்க பேரு சரியா இருக்கான்னு ஒண்ணு வாசிச்சுப் பாருங்கோ."

சுகுமாரி பாட்டிலை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளினாள். கை முழுதும் நீண்டு முடிந்ததும், கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பாட்டிலை அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க வாசியுங்கோ."

பொன்னையன் பாட்டிலைப் பார்க்கவில்லை. காலையில் தன் வாய்க்கும் அவள் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். ஒரு சாண் இருக்கும்.

சுகுமாரிக்கு வெள்ளெழுத்து. வயசு தெரிந்துவிடும் என்று அவள் இதுவரை கண்ணாடி வாங்கவில்லை.