ஆறு நாலுக்கு மறையாத சூரியன்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண்ணை அறைக்குள் உட்காரவைத்து, சூரியன் மறையும்வரை அவள் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் எனக்கு வந்த உத்தரவு. இருபத்தாறு வருஷமாகத் தேர்வுக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எழுதுகிறவர்களைக் காவல் காத்துத்தான் பழக்கம். எழுதாதவளைக் காவல் காக்க என்னைப் போட்டதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்குப் பார்த்துத்தான் தங்கச்சி தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதாக இருந்தாள்.

வந்தவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். நர்ஸ் பயிற்சிக்கான தேர்வு எழுத வேண்டும். அவளுடைய சபையாருக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை ஓய்வுநாள். அதற்குள் சொந்தக் காரியம் எதையும் தொட மாட்டார்கள். சனிக்கிழமை வைத்தார்கள் என்பதற்காகவே ஏற்கெனவே இரண்டு முறை தேர்வை விட்டவள். அடுத்த மாதம் நாற்பது வயது முடிகிறது, அதற்குப் பிறகு எழுத முடியாது. மனுமேல் மனு போட்டு இந்த அனுமதியை வாங்கியிருந்தாள். கேள்வித்தாள் கசியக் கூடாது என்பதால் மற்றவர்கள் எழுதத் தொடங்கும் முன்பே வந்து, போன் இல்லாமல், புத்தகம் இல்லாமல், யாரிடமும் பேசாமல் அடைந்து கிடக்க வேண்டும். பைபிளைக்கூட வாங்கி வெளியே வைத்தேன். என்னை எல்லாரும் ‘மணிக்கூண்டு’ என்று சும்மா கூப்பிடவில்லை.

பதினோரு மணி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே காலி மைதானத்தைப் பார்த்தபடி இருந்தாள். அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் வெறும் வானம். கடைசியில் எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா, நானும் கோயிலுக்குப் போறவதான். ஆனா ஞாயித்துக்கிழமைக்காரி. நீ சனிக்கிழமைக்காரி. ஆண்டவர் இதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பார்?”

“அவர் சொன்னது ஏழாம் நாள்தானே மேடம். எனக்கு அதைத் தள்ளி வைக்கத் தெரியல.”

“ஆஸ்பத்திரியில சனிக்கிழமை நோயாளியைப் பட்டினி போடுவியா?”

“ஐயோ, அது எப்படி? சனிக்கிழமையும் முறை வந்தா போவேன். படுக்கையில கிடக்கறவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கறதுக்கு நாள் பார்க்க முடியுமா? அது அவங்களுக்காக. பரீட்சை எனக்காக. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சட்டம். எங்க நாத்தனார் எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க” என்று சிரித்தாள்.

நாத்தனார் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மத்தியானம் அவள் முந்தின நாளே செய்து எடுத்து வந்த சாப்பாட்டில் பாதியை என் பக்கம் நகர்த்தியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கைமணம்.

மாலையில் உத்தரவை இன்னொரு தரம் எடுத்துப் படித்தேன். ‘தேர்வர் சூரிய அஸ்தமனத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் எழுதலாம். மாலை 6.04 முதல் 7.34 வரை.’ ஆறு நாலுக்கு உறையைக் கிழித்தேன். கேள்வித்தாளை அவள் முன்னால் கவிழ்த்து வைத்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “மேடம், இன்னும் மறையலயே.”

மறையவில்லைதான். தண்டவாளத்துக்கு மேலே சூரியன் முழுசாக, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைமை அலுவலகம் கிழக்கே எத்தனையோ மைல் தள்ளி இருக்கிறது. தங்கள் ஊரில் சூரியன் மறையும் நேரத்தை எங்கள் ஊருக்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஏதோ ஒரு மகாராசன் நாள்காட்டியைப் பார்த்து எழுதினானே தவிர, அந்த நாள்காட்டி எந்த ஊருடையது என்று பார்க்கவில்லை.

வாசலுக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் மொத்தமும் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை விட்டெறியாததே பெரிது.

திரும்பி வந்து, “சரி, மறையட்டும். அப்புறம் முழு நேரமும் எழுது. ரிஜிஸ்டர்ல ஆறு நாலுல இருந்து ஏழு முப்பத்தி நாலுன்னே போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாம் மேடம். எனக்காகப் பொய் எழுதாதீங்க. போற நேரம் போகட்டும்.”

போற நேரமாம்! வாழ்க்கையே அந்தத் தாளில் இருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சூரியன் மறைய இவ்வளவு நேரமா ஆகும்? ஆறு இருபத்திரண்டுக்குக் கடைசிக் கீற்றும் போயிற்று. அவள் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிறகு தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுத எழுத நான் உத்தரவையே முறைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் எண்களைத்தான் பார்த்து வேலை செய்திருக்கிறேன். அந்த எண்களுக்கு முன்னால் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

ஏழு முப்பத்து நாலுக்கு நான் சொல்லாமலே பேனாவைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு கேள்வி பாக்கி.

“கொஞ்சம் இரு” என்று விடைத்தாளில் அவள் எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, மணியைக் குறித்துக் கையெழுத்திட்டேன். “இப்போ எழுது. நடந்ததை நடந்தபடி நான் அறிக்கையில எழுதப் போறேன். பொய் ஒண்ணும் இல்ல.”

“உங்களுக்குப் பிரச்சினை வராதா?”

“வரும். அதை நான் பார்த்துக்கறேன். நீ எழுது.”

எழுதினாள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு, வாக்கியம் பாதியில் நிற்க, பேனாவை மூடினாள். ஆறு இருபத்து மூன்றுக்குத்தானே ஆரம்பித்தாய், இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறதே என்றேன். “சூரியன் மறைஞ்சது இருபத்திரண்டுக்கு. ஜெபம் பண்ணின ஒரு நிமிஷம் என்னோடது மேடம்” என்றாள். இவளோடு குடும்பம் நடத்துகிறவர் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரச்சினை வந்தது. நேரத்தை நீட்டிக்க அதிகாரம் கொடுத்தது யார் என்று மெமோ. உத்தரவின் முதல் வாக்கியம்தான் என்று பதில் எழுதினேன். கண்காணிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கோட்டுக்குக் கீழே எழுதியதைத் திருத்தப் போவதில்லை என்றும் தெரிவித்தார்கள். பெயரை எடுத்தது வலித்தது. ஆனால் அந்த இரண்டாவது செய்தியில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஆறு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “பாஸ் மேடம்.”

கோட்டுக்கு மேலே எழுதியதே போதுமானதாக இருந்திருக்கிறது. சமையல்கட்டில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதேன். “அப்போ என் பதினெட்டு நிமிஷம் தண்டம்தானா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம். நீங்க போன் பண்ண வாசலுக்குப் போனீங்கல்ல, அப்போ பேனா மூடியைக் கழட்டிட்டேன். தாளையும் பாதி திருப்பிட்டேன். நாற்பது வயசாகப் போகுது, இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்னு கை தானா போயிடுச்சு. நீங்க உள்ள வந்து எனக்காகப் பொய் எழுதறேன்னு சொன்னீங்க. அதைக் கேட்டதும் வெட்கமாயிடுச்சு. அப்பதான் கையை எடுத்தேன்.”

அன்றைக்கு நாள் முழுக்க நான் செய்த ஒரே தப்பு அந்தப் பேச்சுதான் என்று ஆறு வாரமாக எனக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னைப் பத்தி உயர்வா நினைச்சிருப்பீங்க, அதான் சொன்னேன்” என்றாள்.

“இப்பவும்தான் நினைக்கறேன்” என்றேன். “வீட்டுக்கு வாம்மா. எந்த நாளா இருந்தாலும் சரி, வா.”