ரகுபதிக்கு முன்னால் பதினெட்டு டிகிரி

2024ஆம் வருஷம் மே மாதம் எட்டாம் தேதி, அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாம் நாள், காசிமேட்டைச் சேர்ந்த ரகுபதி என்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு நடந்து வந்தபோது அவனுக்கு முன்னால் பதினோரு அடி தூரத்துக்குக் குளிர் வந்தது. பதினெட்டு டிகிரி. அன்று வெயில் நாற்பத்தொன்று, வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு. குளிரை முதலில் கண்டுகொண்டவை நாய்கள். சந்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்த நாலு நாய்களும் எழுந்து அவனுக்கு முன்னால் முன்னாலேயே நடந்து வந்தன. அவன் வீட்டுக்குள் போய்ப் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் வாசற்படியில் அவன் முகத்துக்கு நேராகப் படுத்துக்கொண்டன. அவன் அம்மா நீலா நாய்களை விரட்டப் போய், வாசலில் நின்ற நிலையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றாள். பிறகு விரட்டவில்லை.

அந்த வீட்டில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதித்தவன் ரகுபதிக்கு முன் ஒருவனும் இல்லை. அப்பா ஜெகதீசன் விசைப்படகு ஓட்டுகிறவர், நீலா கருவாடு காயவைத்து விற்பவள், இரண்டு பேரும் வெயிலிலேயே வெந்து வளர்ந்தவர்கள். ரகுபதிதான் பி.காம். முடித்துத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு வேலைக்குச் சேர்ந்தான். அவன் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே. மேனேஜர் நோயல் ஏசியைப் பதினெட்டில் வைத்து, ரிமோட்டைத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். சித்திரை மாதத்தில் அந்த ஆபீஸ் பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு பில் அடிப்பார்கள். முதல் வேலை உடம்பில் ஒட்டும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரகுபதியோடு பத்தாவது வரை படித்த ஒவைஸ் காயலான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மூன்றாம் மாசத்திலிருந்து அவன் கையில் எந்தப் பொருளும் கெட்டுப்போவதில்லை. ஒரே செருப்பு ஆறு வருஷம் உழைக்கிறது, கீறல் விட்ட போன் கண்ணாடி காலையில் கூடிவிடுகிறது. செலவு செய்ய வழியே இல்லாமல் பேங்கில் பணம் சேர்ந்துகொண்டே போவதாக அவன் அம்மா கவலைப்படுகிறாள். ஒவைஸுக்கு அது ஒட்டியது, ரகுபதிக்கு ஏசி ஒட்டியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்றுதான் சந்தில் பேசிக்கொண்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வேறு. படகெல்லாம் கரையில் கிடக்க, வேலையில்லாத ஆண்கள் மாலையானால் ஜெகதீசன் வீட்டில் கூடி அவர் மகனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சந்துமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாசானம் அண்ணாச்சி தயிர்ப் பாக்கெட்டுகளையும் சாக்லேட் டப்பாக்களையும் ட்ரேயில் அடுக்கிக்கொண்டு வந்து அவன் முன் வைப்பார். "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி இருங்க, தயிர் புளிச்சிரப் போவுது" என்பார். வாடகைக்கு ஒரு பன் பட்டர் ஜாம், ஒரு டீ. ரகுபதிக்குத் தலைகால் புரியவில்லை. குளிர் சும்மா வந்ததால் மற்றதும் சும்மா வருவதாகவே அவனுக்குத் தோன்றிவிட்டது. முன்பக்கம் நடுங்குகிறது என்று சென்னையில் மே மாதம் ஸ்வெட்டர் வாங்கினான், அதுவும் இரண்டு. சூடாகச் சாப்பிட வேண்டும் என்று தினமும் போனில் சூப் வரவழைத்தான். ஷேர் ஆட்டோவில் வந்தவன் காரில் வந்து இறங்கினான். சம்பளம் வந்த பதினோராம் நாள் அம்மாவிடமே இருநூறு ரூபாய் கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் வேலையில் யார்தான் ஆடவில்லை?

அவன் சாய்ந்து உட்காரும் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா செங்கொடியின் சமையலறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு, பிறந்த வீட்டுக்கு முதுகு ஒட்டினாற்போல் வாடகைக்குக் குடியிருந்தாள். அப்போது ஐந்தாம் மாசம், தலைச்சன் பிள்ளை. அந்த மே மாதம் அவள் சமையலறையில் கரைத்து வைத்த மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கித் தரையில் நடந்தது. மெழுகுவத்தி பகலிலேயே குனிந்து கும்பிட்டது. அண்ணாச்சி கடையில் வாங்கி வைத்த ஆறு முட்டையில் ஐந்து மூன்றாம் நாள் குஞ்சு பொரித்தன, ஆறாவது வெந்திருந்தது. "நான் கேட்டது முட்டைதானே அண்ணாச்சி" என்று அவள் சண்டைக்குப் போனாள். குஞ்சுக்குத் தனி விலை போடாமல் விட்டதைப் பெருந்தன்மையாக நினைக்கச் சொன்னார் அவர். செங்கொடி கத்திரி வெயிலைத் திட்டினாள், ஆலைப் புகைபோக்கிகளைத் திட்டினாள், வீட்டுச் சொந்தக்காரனின் தகரக் கூரையைத் திட்டினாள். தாங்க முடியாமல் போனால் அம்மா வீட்டுக்கு வந்து தம்பியின் எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். "உன் புண்ணியத்துல தான்டா எனுக்கு உசுரு கீது" என்பாள். அவள் வந்து உட்கார்ந்தால் அவன் சந்தோஷத்தில் இன்னும் நன்றாகச் சுவரில் சாய்ந்துகொள்வான்.

ஜூன் மாதம் தடைக்காலம் முடிந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குட்டு உடைந்தது. காலையிலிருந்து சுவரில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்த ரகுபதி மதியம் வெளியே கிளம்பி, வாசற்படியில் சந்தைப் பார்க்க உட்கார்ந்து ஷூ மாட்டினான். நீலா அவனுக்குப் பின்னால் கோணியை விரித்து ஈர நெத்திலியைப் பரப்பினாள். அவன் இரண்டாவது ஷூவுக்கு முடிச்சுப் போடுவதற்குள் நெத்திலி சருகாகக் காய்ந்துவிட்டது. முப்பது வருஷம் வெயிலோடு வியாபாரம் செய்தவள் அவள், ஒரு பிடி அள்ளி முகர்ந்ததும் விஷயம் புரிந்துபோயிற்று. ஒரு நிமிஷம் அவளுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"டேய், எய்ந்திரு. உன் முதுகுல அடுப்பு எரியுதுடா."

சொன்ன வாய் மூடவில்லை, அவளுக்குப் பின்சுவர் நினைவு வந்தது. சுற்றிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடினாள். செங்கொடி தண்ணீர் டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சுற்றி நீர் குறைந்திருக்கிறது, இனி இவள் மேல் சூடு படக்கூடாது, பட்டால் நான் பொறுப்பில்லை என்றார். ரகுபதிக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"நான் இன்னாம்மா பண்ணேன்? சும்மா குந்திகினு தானே இருந்தேன்?"

"அதாண்டா பேஜாரே" என்றாள் நீலா.

கட்டிலில் படுத்திருந்த செங்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல கோவம் இல்லடா. ஆனா இனிமே என் பக்கம் முதுகு காட்டாத" என்றாள். அவன் அவள் கட்டிலிலிருந்து வாசல் வரை திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தான். அவன் முதுகுக்கு எதிரே வந்த இரண்டு நர்ஸுகள் சுவரோடு ஒண்டிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, தனக்குப் பின்னால் ஆளே இல்லாத ஓர் இடத்தைத் தேடி ரகுபதி வடசென்னை முழுக்க அலைந்தான். மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பின்னால் கட்டியிருந்த படகில் ஐஸ் உருகி, மீன்காரர்கள் அடிக்க வந்தார்கள். திருவொற்றியூரில் கடல் அரிப்புக்குப் போட்ட கற்களின் மேல் உட்கார்ந்தால், கல்லிடுக்கில் தூண்டில் போட்ட ஆள் ஒருவன் ஐயோ என்று எழுந்தான். கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று போனான். குப்பை புகைய ஆரம்பித்ததும், பின்னால் பாட்டில் பொறுக்கிய பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைத் துரத்தினார்கள். நெட்டுக்குப்பத்தில் ஆற்றுக்கு முதுகு காட்டியபோது, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். "யார்ரா அவன், இங்க கரன்ட்டு பிளான்ட்லருந்து வர்ற சுடுதண்ணி பத்தாதா?" என்றார்கள். எண்ணூர் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் யாராவது இருந்தார்கள். தான் பிறந்து வளர்ந்த ஊரில் இத்தனை பேர் இருப்பது அவனுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஆபீஸுக்குப் போகாத ஏழு நாளில் அவன் முன்னால் இருந்த குளிர் இருபதுக்கு ஏறியிருந்தது.

எட்டாம் நாள் ஆபீஸுக்குப் போனால் நோயல் தானே எழுந்து வந்து வரவேற்றார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவனை ஹாலில் பின்சுவரை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் ஆறு ஏசிக்கும் வேலை இல்லை, கரன்ட் பில்லில் மாசம் எழுபதாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். வேலை எதுவும் செய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும், சம்பளம் நாற்பதாயிரம். ரகுபதி பார்த்து வைத்திருந்த பைக் கண்ணுக்கு முன்னால் ஒரு தடவை ஓடிவிட்டுப் போனது. மெதுவாகக் கேட்டான்.

"எனக்குப் பின்னால இன்னா சார் இருக்கும்?"

"சுவர்தான்" என்றார் நோயல்.

பத்து மாசம் வேலை பார்த்தும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போனதில்லை. அன்று போனான். ஆறு ஏசிகளின் வெளிப்பெட்டிகளும் அங்கேதான் உறுமிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிரே லோடுமேன்கள் சாப்பிடுவதற்கென்று ஒரு ஷெட். ஷெட்டில் ஒருவரும் இல்லை, எல்லோரும் வெளியே லாரிக்கு அடியில் சோற்றுப் பாத்திரத்தோடு படுத்துக் கிடந்தார்கள். ஷெட்டுக்குள் உட்காரக்கூடாதா என்று கேட்டான். "வெய்ய காலம்னா அங்க குந்த முடியாது நைனா" என்றார் ஒருவர். "மழைக்காலத்துலயும் முடியாது" என்றார் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர், சிரிக்காமல்.

ரகுபதி திரும்பி வந்து, நாற்பதாயிரம் வேண்டாம், ஏசியை இருபத்தாறில் வைத்தால் போதும் என்றான். நோயல் சிரித்தார். இருபத்தாறில் வைத்தால் அது ஆபீஸா, ரயில்வே ஸ்டேஷனா என்று கேட்டார். ரகுபதி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் கேபின் கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போட்டு, அன்றைய பில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்தாவது நிமிஷம் நோயலின் கழுத்து டை துவண்டது. இருபதாவது நிமிஷம் மேசையிலிருந்த பேனாக்கள் வளைந்தன. அரைமணி நேரத்தில் கேபின் கதவு திறந்தது. வேர்வையில் குளித்த நோயல் வெளியே வந்து ரிமோட்டை அவன் மடியில் போட்டுவிட்டு, நேராகப் போய் சால்வைப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சால்வையைக் கேட்டு வாங்கி முகம் துடைத்தார். ஒரு மாசத்தில் லோடுமேன்கள் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். கரன்ட் பில்லில் இருபதாயிரம் குறைந்ததும் அது தன் யோசனைதான் என்று நோயல் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

ஆடி பிறப்பதற்குள் ரகுபதிக்கு முன்னால் இருந்த குளிரும் இருபத்தாறில் வந்து நின்றது. பின்னால் ஒரு துணி காயும் அளவுக்குச் சூடு, அதற்கு மேல் இல்லை. நாய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அண்ணாச்சி பெரிய ஃபிரிட்ஜ் வாங்கி, பன்னை நிறுத்தினார். எதிரே கூடியவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபோது ரகுபதிக்கு வருத்தமாக இருந்தது, அதை அவன் ஒளிக்கவும் இல்லை. ஸ்வெட்டர் இரண்டையும் விற்றான், பழையபடி ஷேர் ஆட்டோவில் வந்தான். பதினைந்தாம் தேதியும் அவன் கையில் காசு இருப்பதைப் பார்த்து நீலா, பையனுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று பயந்தாள். பின்னாளில் அவன் இரண்டு ஆபீஸ் மாறினான். இரண்டிலும் சேர்ந்த முதல் நாள் சுவரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கே ஏசி இருபத்தாறுக்குக் கீழே இறங்கியதில்லை.

செப்டம்பர் கடைசியில் செங்கொடிக்குப் பெண் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ, குறை ஒன்றும் இல்லை. ஜோதிகா என்று பெயர் வைத்தார்கள். நவம்பரில் ஒரு புதன்கிழமை விடாமல் மழை. ரகுபதி ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளை வீல் வீல் என்று கத்த, செங்கொடி அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் பாயில் போட்டாள். உடனே தூங்கிவிட்டது. காய வழியில்லாத ஈரத்துணி பதினான்கையும் நீலா அவனுக்குப் பின்னால் கொடி கட்டிப் போட்டாள். இப்போது அவன் எழுந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும், திரும்பினால் துணி காயாது. பத்தரை மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. "என் பின்னாடி துணி காயுது சார்" என்று அவன் ரகசியக் குரலில் சொன்னான். அந்த மாசம் அவனுக்கு ஒரு நாள் சம்பளம், ஐந்நூற்று எண்பத்து மூன்று ரூபாய், பிடித்துக்கொண்டார்கள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.