மூட்டுக்குள் தங்கிய இறுக்கம்

மூன்றாம் நாள் மதியம், இரும்பை ஊடுருவிப் பார்க்கும் நியூட்ரான் கற்றை மறுபடியும் நின்றது. பொறியாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஆய்வுக்கூடத்தில் எட்டு மாதம் தவம் கிடந்து வாங்கிய மூன்று நாளில் முக்கால் நாள் இப்படியே போயிருந்தது.

"வந்துடும் சார். அதுக்கும் அலுப்பு இருக்காதா?" என்றார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி அம்மா. அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால், மேடைமேல் ஓர் இரும்பு மூட்டு. பொறியாளரின் ஆலையில் கிரேனின் கை ஒடிந்து விழுந்து ஒரு தொழிலாளிக்குக் கால் போயிருந்தது. அதே கையில் ஒடியாமல் தப்பிய மூட்டு இது. எல்லா மூட்டையும் பற்றவைத்தவர் பொறியாளரின் தங்கை கணவர். வெல்டிங் கோளாறு என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் பொறியாளரேதான். அன்றோடு தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவருக்கும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த அலைச்சல்.

முதல் நாள் எடுத்த படத்தில் பற்றவைப்புக்குள் ஒரு பொத்தல்கூட இல்லை. இப்போது கற்றை திரும்பி வந்து, கடைசி அளவுப் புள்ளிகளும் திரையில் ஏறின.

"வெல்டிங் கச்சிதம். ஆனா உலோகத்துக்குள்ள இறுக்கம் தாறுமாறா இருக்கு, கையை ஒடிச்சது அதுவாத்தான் இருக்கும். பத்தவச்சப்புறம் அது தளர உலையில சூடாக்கி ஆறவிடலையா?" என்றார் விஞ்ஞானி அம்மா.

அவசரம் என்று அந்த வேலையை விட்டுவிடச் சொன்னது பொறியாளர்தான்.

"இன்னொரு தடவை அளக்கலாமா?"

"அளக்கலாம் சார். இதேதான் வரும்."

அவர் வெளியே நடைபாதைக்கு வந்து தங்கை கணவருக்குப் போன் போட்டார்.

"மாப்ள, உங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது. உலையில வைக்க வேணாம்னு சொன்னேனே, அதுதான்."



"அன்னைக்கே சொன்னேன் மச்சான். நீங்க காதுலயே போட்டுக்கல."

போன் கைமாறியது. "வாயால சொன்னா போதாதுண்ணா. எழுதிக் குடு" என்றாள் தங்கை. இத்தனை மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

"குடுக்கறேம்மா."

உள்ளே போய் ஒரு தாள் கேட்டு வாங்கினார். தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது. ஆலை வேலை தனக்கு மிஞ்சாது என்று தெரிந்தே, புதிய அறிக்கையின் முதல் வரியில் தவறு செய்தவர் என்று தன் பெயரை எழுதினார்.