நிமிடத்துக்கு ஒரு புள்ளி

1

உலகத்தின் திடீர் மாற்றங்களை முதன்முதலாக ஒழுங்காகக் கவனித்தவன் குருநகர் றெஜி. அதற்கு முன்பும் அரசாங்கங்கள் கவிழ்ந்தன, பெற்றோல் விலை ஏறியது. எல்லாம் கவனிப்பாரற்று நடந்தவை.

இப்படித்தான் தொடங்குவதென்று, கதை பிறந்த அன்றே றெஜி தீர்மானித்திருந்தான். பிறந்த இடம் கம்பஸ் கன்ரீன். காரணம், திடீர் மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் அவனுடைய கடைசி வருடப் புரொஜெக்ட். (எழுதுபவனும் றெஜியும் ஒருவரே. 'நான்' என்று எழுதினால் அண்ணி ஆதாரம் கேட்பா.)

2

புரொஜெக்ட்டுக்காக றெஜி, தமையன் எமில்ராஜின் மீன்பிடி போட்டில் ஒரு சின்னக் கருவி பூட்டியிருந்தான். போட் நிற்கும் இடத்தை நேரத்தோடு நிமிடத்துக்கொரு தடவை அனுப்பும். றெஜியின் போனில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் வரும் வேகம் சட்டென்று குறைந்தால் போன் அதிரும். கூடினாலும் அதிரும். இதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறதென்றால் [மூன்று பக்கம் வெட்டப்பட்டது].

எமில்ராஜின் மனைவி நிரோஜினியோ, தினமும் காலையில் இறங்குதுறைக்குப் போய், நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்த்தபடி நிற்பா. றெஜிக்கு அது பெரிய பகிடி.

"நீங்கள் பாத்தா போட் கெதியா வருமோ அண்ணி?"

"நீ போனைப் பாத்தா வருமோடா?"

(முதல் வரைவில் இந்தப் பதில் இல்லை. அண்ணி வாசித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னா.)

3

இங்கே வசனங்கள் குறுகுவதை வாசகர் கவனிக்கலாம். வியாழக்கிழமை. காற்று. போட்டுகள் கரைக்குத் திரும்பும் நேரம். போன் அதிர்ந்தது. புள்ளி இல்லை. அடுத்த நிமிடமும் இல்லை.

கணக்குப் பிழைக்கவில்லை. றெஜி பெருமையோடு

அந்த வசனம் முடியவில்லை.

பற்றரி போயிருக்கும், சிக்னல் இல்லாமல் இருக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அண்ணி கேட்டது ஒன்றுதான்.

"அவர் எங்கை நிக்கிறார் எண்டு உது சொல்லாதோ?"

"இப்ப புள்ளி வரேல்லை எண்டு மட்டுந்தான் சொல்லும்."

அவ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தா.

4

முதலாவது முடிவு: எஞ்சின் பழுது; பக்கத்துப் போட் கட்டி இழுத்து வருகிறது. நம்புவதற்கு மிகவும் ஆசையாக இருந்தபடியால் றெஜி அதை வெட்டிவிட்டான்.

இரண்டாவது முடிவு: எழுதக் கை போகவில்லை.

5

இறங்குதுறையில் இப்போது இரண்டு பேர். இருவரின் கையும் நெற்றியில். போன் காற்சட்டைப் பைக்குள் கிடக்கிறது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் குத்துகிறது.

பைக்குள் அதிர்ந்தது.

நின்றுபோன புள்ளிகள் இனிக் குறைய இடமில்லை. ஆகவே இந்த அதிர்வுக்கு ஒரேயொரு அர்த்தந்தான் இருக்க முடியும். முடிவை வாசகர் எழுதிக்கொள்ளலாம். எழுதுபவன் கொஞ்சம் வேலையாக நிற்கிறான்.

"போன் அடிக்குதடா," என்றா அண்ணி.

"பொறுங்கோ, பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்," என்றான் றெஜி, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.