இருக்கைக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங்

கிடங்கில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. சரக்குத் தூக்கும் பேட்டரி வண்டியான ஃபோர்க்லிஃப்ட் படுத்துக்கொண்டால், முதலில் அதன் மேல் காதை வைத்துக் கேட்பார். காதில் ஒரு மண்ணும் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். கிடைத்த பட்டத்தை விட மனசில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை வந்த நோய் விசித்திரமானது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அவருடைய மைத்துனன். அவன் ஓட்டினால் வண்டி போகிற போக்கில் சட்டென்று நின்றது. டாக்டர் ஏறினால் சமர்த்தாக ஓடியது. பேட்டரியைப் பார்த்தார், ஃப்யூஸைப் பார்த்தார், கேபிள் முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு தானே ஏறி ஒரு சுற்று வந்தார். அடுத்தவரை ஏற்றிச் சோதிப்பது தொழிலுக்கே இழுக்கு என்பது அவர் கொள்கை. கடைசியில் கையை விரிக்க வெட்கப்பட்டு வாயைத் திறந்தார். வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவன் கால்தான் சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

அப்படியானால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் சூப்பர்வைசர். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவரே டாக்டர்தான். வாங்கிக் கொடுக்கச் சொன்னவள் மனைவி. செய்தி அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. போனில் அவள் சத்தமே போடவில்லை.

"தம்பிக்கு வேலை போச்சுன்னா நீங்களும் அங்கயே படுத்துக்கங்க. வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

கொள்கையைக் காற்றில் விட்டுவிட்டு மைத்துனனை ஏறி ஓட்டச் சொன்னார். கையில் மீட்டரோடு, மூச்சு வாங்க, பக்கத்திலேயே ஓடினார். தரையில் ஒரு மேடு வந்ததும் ஒல்லிக்குச்சி மைத்துனன் இருக்கையோடு துள்ளினான். வண்டி நின்றது. டாக்டர் அவன் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். வண்டிக்கு உயிர் வந்தது.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்து அது அழுந்தியிருந்தால்தான் வண்டி நகரும். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். சுவிட்ச் நன்றாகவே இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கொழுத்த ஸ்பிரிங்குகள் புத்தம் புதிதாக மின்னின.

மாட்டியது யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மதியம் சாப்பிட்டதும் டாக்டர் கண்ணயர்வது அந்த இருக்கையில்தான். பழைய ஸ்பிரிங் அவர் பாரம் தாங்காமல் அமுங்கியதில் முதுகு வலித்தது. அதனால் போன வாரம் தம் உடம்பை உத்தேசித்து முரட்டு ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டிருந்தார். மைத்துனன் எடை அதற்கு எந்த மூலைக்கு?

"சுவிட்சு போயிடுச்சுன்னு சொல்லிடுங்க மாமா," என்று அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்கு வேலை இருந்தா போதும்."

பழி சுமத்தியவரின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறானே என்று நினைத்தார் டாக்டர். சுவிட்ச் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவன் காலைப் பற்றித் தாம் சொன்ன சொல் அப்படியே நிற்கும். இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிக்கொண்டு போய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார்.

"இவன் கால் நல்லாத்தான் இருக்கு சார். கோளாறு என் உடம்புலதான்," என்று தொடங்கி, மதியத் தூக்கம் வரை ஒன்று விடாமல் சொன்னார்.

கிடங்கே சிரித்தது. மைத்துனன் வேலை தப்பியது.

இரவு மனைவி தம்பிக்கு மறுபடி மறுபடி பரிமாறினாள். "நல்லா சாப்பிடுடா, வண்டி ஓடணும்ல," என்றாள். பிறகு டாக்டரின் தட்டைத் தாண்டிப் போய்ப் பாத்திரத்தை மூடினாள்.