கூனியின் நிறக் கலம்

ஹட்டன் பாடசாலையில் என்னை மிஞ்ச விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று நான்கு வருடமாக நினைத்திருந்தேன். அதில் பிழையும் இல்லை. அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவன் நான் ஒருவன்தான்.

அறுபத்தொன்றில் தாவரவியலுக்குச் சரோஜாதேவி வந்தாள். என்னைப் போலவே யாழ்ப்பாணம். அவள் வந்த மறுவாரமே புதுச் சட்டை தைப்பித்தேன். விலங்குகள் நிறம் மாறுவது பற்றி, வழக்கமாகப் படம் காட்டித் தப்பிக்கும் பாடத்தை உயிருடன் காட்டுவதென்றும் முடிவெடுத்தேன். தேயிலைக்கு நடுவே ஓடும் ஓடையில் கூனி இறால் பிடித்து வந்தேன். அங்கே வழுக்கி விழுந்ததை யாருக்கும் சொல்லவில்லை; இருமல் சொல்லிவிட்டது.

கறுப்புச் சட்டியில் கிடந்த இறால்கள் கருத்திருந்தன. சரோஜாதேவியை அழைத்து, ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். வாலில் நட்சத்திரம் போலக் கிளைவிட்ட நிறக் கலங்கள், தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள், தெரிந்தன. கலம் கைகளை நீட்டினால் இறால் கருக்கும், சுருக்கினால் வெளிறும் என்று விளக்கினேன். குரலைக்கூடக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

அவள் வாலோரத்துக் கலம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்தாள். பிறகு அந்த இறாலை வெள்ளைப் பீங்கானில் விட்டு, வெளிறியதும் பார்த்தாள். அதே கலத்தின் நடுவில் ஒரு புள்ளி மட்டுமே இருந்தது. நான் புன்னகைத்தேன். அவள் இறாலை மறுபடி கறுப்புச் சட்டிக்கு மாற்றி, கருத்ததும் என்னைப் பார்க்கச் சொன்னாள். படத்திலிருந்த அதே கிளைகள். முறிந்தாற்போல் வளைந்திருந்த கிளைகூட அதே இடத்தில் இருந்தது.

“கையொண்டும் சுருங்கேல்லை, மாஸ்டர். உள்ளுக்கு இருக்கிற நிறத்துகள்தான் நடுவுக்குப் போய்ப் பேந்து திரும்பி வருது. கை சுருங்கியிருந்தால் பழைய கோணலோடையே ஏன் நீளப்போகுது?”

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்றேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் கலத்தைப் பலகையில் வரைந்தேன். கிளைகள் அசைவதில்லை, துகள்களே ஓடுகின்றன, இதைக் காட்டித் தந்தவர் சரோஜாதேவி டீச்சர் என்றேன். பின்வரிசையில் முத்துலிங்கம் எழுந்தான்.

“அப்ப போன வருசம் எங்க அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தது தப்புங்களா, சார்?”

“தப்புத்தான்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பாடத்தில் கைதட்டல் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசலில் வந்து நின்ற சரோஜாதேவிக்குத்தான் தட்டுகிறார்கள் என்பது புரிவதற்குள் நான் கைகூப்பிவிட்டிருந்தேன்.