கண்ணாடிக்கு வைத்த பொட்டு

செல்லியின் முகம் எந்தக் கண்ணாடியிலும் விழாது. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் பிறந்து வளர்ந்த தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. ஒருத்திக்குத் திக்குவாய், ஒருத்திக்கு இடக்கைப் பழக்கம், செல்லிக்கு இது என்று விட்டுவிட்டார்கள். சேலை தெரியும், கழுத்து தெரியும், கழுத்துக்கு மேலே பின்னாலிருக்கிற சுவர் தெரியும். முகத்தில் எதைப் பூசினாலும் அது முகத்தோடு சேர்ந்து மறைந்துபோகும், மூக்குத்தியும் அப்படித்தான். சிறுமியாக இருந்தபோது ரயில் வந்து நின்றால் தெருப்பிள்ளைகளோடு ஓடிப்போய் நிற்பாள். ஜன்னல் கண்ணாடியில் மற்ற பிள்ளைகளின் முகமெல்லாம் வரிசையாகத் தெரியும். தெரிகிறவர்கள் ஒருநாள் இந்த வண்டியில் ஏறிப் போகப்போகிறவர்கள், தெரியாதவள் இங்கேயே இருக்கவேண்டியவள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பிள்ளைகளில் ஊரைவிட்டு முதலில் போனவள் அவள்தான். 1931இல் காரிமங்கலத்துக்கு மேற்கே எங்கள் புங்கம்பட்டிக்கு, கரியன் பெண்சாதியாக வந்து சேர்ந்தாள்.

முகூர்த்தத்தில் பெண்ணுக்குக் கண்ணாடி காட்டியபோதுதான் மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. கரியனின் தாய் முனியாயி, மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷனை இழந்து, தனியாகக் காட்டை உழுது அவனை வளர்த்தவள். அவள் முன்னால் வந்து பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "காலு தரையில பாவுது, நெழலு விழுவுது. மூஞ்சி கண்ணாடியில இல்லீன்னா நமக்கென்ன, அவ கழுத்து மேல இருக்குதில்ல?" என்றாள். அதோடு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கரியன்தான் கொஞ்ச காலம் சமாதானமாகாமல் இருந்தான். கோளாறு கண்ணாடியில்தான் என்று நினைத்து, சந்தையில் சின்னதாக ஒன்றும், பிறகு மரச்சட்டம் போட்டுப் பெரிதாக ஒன்றும் வாங்கி வந்தான். கோடையில் அவளை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போய், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடத்தில் பரிசலை நிறுத்தச் சொன்னான். தண்ணீரில் கரியன் இருந்தான், பரிசல்காரன் இருந்தான், பாறையும் மேகமும் இருந்தன. செல்லியின் கழுத்துக்கு மேலே மேகம்தான் இருந்தது. "உடுங்க மாமா, தண்ணிக்கு எல்லாத்தையும் ஞாபகம் இருக்குமா?" என்றான் பரிசல்காரன். மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு கரியன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரிய கண்ணாடி மட்டும் அவன் தலைப்பாகை கட்டிக்கொள்வதற்காகச் சுவரில் தொங்கியது.

சாந்து காய்ச்சுவதில் செல்லியை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. கேழ்வரகைச் சட்டியில் போட்டுக் கரியாகும்வரை வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கூழ்போல இறுகியதும் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைப்பாள். வேண்டும்போது விரலை நனைத்துத் தேய்த்து எடுத்து நெற்றியில் வைக்கவேண்டியதுதான். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அவளிடம்தான் வாங்கிப்போவார்கள். அவளுக்கோ பொட்டு எப்படி இருக்கும் என்று தோலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. முதலில் விரலின் குளிர்ச்சி, பிறகு காயக் காய நெற்றியில் ஒரு சின்ன இழுப்பு. மஞ்சளைத் தானே தடவிக்கொள்வாள். ஒரு கன்னத்தில் அப்பிக்கொண்டும் தாடைக்குக் கீழே தொடாமலும் இருக்கும். கிணற்றடியில், "என்னடி செல்லி, மஞ்சக் காட்டுல விழுந்து எந்திரிச்சு வாறயா?" என்று சிரிப்பார்கள். பொட்டை மட்டும் தானே வைத்தால் புருவத்தில் போய் உட்காரும் என்பதால் சின்ன வயதில் அம்மா பிடித்து நிறுத்தி அழுத்திவிடுவாள். கல்யாணமான மறுநாள் காலையில் கரியன் விரலில் சாந்தைத் தொட்டுக்கொண்டு வந்து எதிரே நின்று, "வெக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டான். அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "வேணாங்க" என்றாள். அவன் விரலைக் கழுவிக்கொண்டு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கிணற்றுக்குக் கவலை ஓட்டப் போய்விட்டான். அதன்பிறகு எல்லாக் காலையும் கேட்டான். பெரும்பாலும் "வையுங்க" என்பாள். சில நாள் வேண்டாம் என்பாள். காரணம் அவனும் கேட்கமாட்டான், அவளும் சொல்லமாட்டாள். வெறும் நெற்றியோடு வருகிற நாளில் பெண்கள் பதறிப்போய், "ஐயோ, கரியனுக்கு என்னடி ஆச்சு?" என்பார்கள். "அவுருக்கு ஒண்ணும் ஆவல. எனக்கு இன்னைக்கு வேணாம்" என்பாள். அப்படி ஒரு பதில் உண்டு என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த முனியாயிக்கு, மகன் கேட்பது தினமும் சுவர் வழியாகக் காதில் விழும். அவளும் ஒன்றும் சொன்னதில்லை. குழந்தை பிறக்காமலே வருஷங்கள் போயின. ஒருமுறை மழை பொய்த்தது, ஒருமுறை மிஞ்சியது.

சுபானு வருஷம், அதாவது 1943இல், வாந்திபேதி வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் தங்கையும் போனார்கள். அந்த வீட்டில் கரியன் போனான். கருமாதியன்று செல்லியைக் குளிப்பாட்டி, முகமெல்லாம் மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். பொட்டை ஈரத்துணியால் துடைத்தவள் முனியாயி. வைக்கும்போதும் அவளைக் கேட்கவில்லை, துடைக்கும்போதும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செல்லியின் நெற்றியை யாரும் தொடவில்லை. தினமும் விடிந்ததும் பழக்கத்தில், முன்பு கரியன் பொட்டு வைத்த அதே இடத்துக்கு வந்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பாள். கோழிகள் காலடியில் மேயும். வெயில் முகத்தில் ஏறிய பிறகு காட்டுக்குப் போவாள். பொட்டு இல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. வேண்டாம் என்று அவளே எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்வதற்கு இடமில்லை, அதுதான் வித்தியாசம். ஊருக்குச் சாந்து காய்ச்சிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மறு வருஷம் தை மாதத்தில் ஒருநாள், காய்ச்சிய சாந்து பதமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தவள், அந்த விரலோடு கரியனின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வழக்கம்போலச் சேலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, மேலே சுவர் தெரிந்தது. "வெக்கட்டுமா, வேணாமா?" என்று தன்னையே மெல்லக் கேட்டுக்கொண்டாள். பிறகு, தன் நெற்றி எங்கே இருக்கவேண்டுமோ அந்த உயரத்தில், கண்ணாடியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். தன் பொட்டை அவள் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த ஒருத்தி பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, முனியாயி ஈரத்துணியோடு வந்தாள்.

"என்னடி இது அநியாயம்?"

"கண்ணாடிக்குத்தானுங்க அத்தை வெச்சேன்."

"கண்ணாடிக்கு எதுக்குடி பொட்டு?"

"ஏனுங்க, கண்ணாடிக்குப் புருசன் செத்துட்டானா?"

முனியாயி துடைத்துவிடுவது என்று துணியைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிக்கு நேரே போனாள். இருவரும் ஒரே உயரம். கண்ணாடியில் பொட்டு சரியாக முனியாயியின் நெற்றியில் விழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக வெறுமனே இருந்த நெற்றி. தூக்கிய கையோடு அவள் அப்படியே நின்றாள். அடுப்பில் செல்லியின் களி அடிப்பிடித்த வாசனை வந்தும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் முனியாயி துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

அந்த மாதமே மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். புருஷனை இழந்த பெண்கள் எங்கள் ஊரில் அப்போது நிறைய. குட்டையானவர்கள் ஏறி நிற்க செல்லி ஒரு மணைக்கட்டையைப் போட்டுவைத்தாள், நெட்டையானவர்கள் குனிந்துகொண்டார்கள். வருவார்கள், பொட்டு நெற்றியில் விழுகிற இடம் பார்த்து நிற்பார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். யார் நெற்றியிலும் எதுவும் ஒட்டியிருக்காது. என் அம்மாவும் போவாள். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசமாட்டாள், ஆனால் அன்றைக்கு ரசம் நன்றாக இருக்கும். மாதா கோயில் தெருவிலிருந்து ராஜமேரியும் வந்தாள். அவள் புருஷன் சவரி பட்டாளத்துக்குப் போய் பர்மாப் பக்கம் காணாமல் போனவன். கண்ணாடிக்கு முன் நின்றவள், பொட்டு நெற்றிக்கு வரும்போது ஓரடி நகர்ந்துகொண்டாள். "எனக்கு வேணாங்க அக்கா. நான் வெறும் நெத்தியோடயே வளந்தவ, அதுதான் எனக்கு நல்லா இருக்குது. பொட்டு பக்கத்துல நிக்கட்டும், தொணைக்கு" என்றாள். வாராவாரம் வந்து அப்படியே நின்றுவிட்டுப் போவாள். ஊர் மணியக்காரர் வெங்கடாசலம் ஆட்களோடு விசாரிக்க வந்தார். நெற்றிக்கு வழக்கம் உண்டு, கண்ணாடிக்கு வழக்கம் உண்டா என்று வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். நேரில் பார்த்துவிடுவோம் என்று உள்ளே போன வெங்கடாசலத்துக்கு நெற்றியில் பொட்டோடு தன் முகம் தெரிந்தது. அது அச்சு அசலாக, பத்து வயதில் கட்டிக்கொடுத்து பன்னிரண்டில் தாலி அறுத்த அவர் தங்கை முகமாக இருந்தது. "இருந்துட்டுப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். பேச்சு ஏரி மதகைப் பற்றித் திரும்பியது.

சாந்து காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதால் காலையில் புதிதாக வைக்கவேண்டும். செல்லி ஒவ்வொரு காலையும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் வைப்பாள். அவள் வேண்டாம் என்று முடிவுசெய்த நாளில் கண்ணாடி வெறுமனே இருக்கும், வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில், எல்லோரும் போன பிறகு அவள் தனியாக முன்னால் நின்று, சேலைக்கு மேலே அந்தக் கரும்புள்ளி தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தனை பேர் முகத்தைத் தந்த கண்ணாடி, அவள் முகத்தை மட்டும் தரவில்லை.

1948 மார்கழியில் செல்லி காய்ச்சலில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் விடிகாலையில், செல்லி வீட்டு வாசலில் மூன்று நான்கு பெண்கள் காத்திருக்க, முனியாயி கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விரலை நனைத்துச் சாந்தைத் தொட்டுக் கண்ணாடிப் பக்கம் நீட்டினாள். கண்ணாடியில் முனியாயி இல்லை. செல்லி இருந்தாள். ஒரு கன்னத்தில் மஞ்சள் அதிகமாக, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாள். முனியாயியின் விரல் பாதியில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மகன் குரலில் பன்னிரண்டு வருஷம் கேட்ட கேள்வியை அவள் தன் வாயால் கேட்டாள்.

"வெக்கட்டுமா, வேணாமா?"

செல்லி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

முனியாயி விரலைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னைக்கு வேணாங்கறா. நாளைக்கு வாங்க" என்றாள். பெண்கள் காட்டுக்குப் போனார்கள். மறுநாள் செல்லி சரி என்றாள்; பொட்டு விழுந்ததும் விலகிக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விட்டாள். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காரிமங்கலம் போகிறவர்கள் சந்தை உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவதுபோல, எங்கள் ஊரில் பொழுது விடிந்தால் பெண்கள் முனியாயி வாசலில் எட்டிப்பார்த்து, "செல்லி என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறார்கள்.